புருவம் வரை

மே சரியாங்
9 மார்ச் 2545 (புத்த ஆண்டு)

உபோனுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைக் கண்டதும் பிரிக்காமல் உரலுக்கு அடியில் செருகிவிடாதே. இதில் சண்டை இல்லை. தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நம்மில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். எழுதும்போது குறுக்கே பேச முடியாது, பார். அதனால்தான் எழுதுகிறேன்.

சக்தா போன வாரம் கூப்பிட்டான். இரண்டு செய்திகள் சொன்னான். முதலாவது, மழைத்தவம் தொடங்கும் முன் துறவு பூணப் போகிறான், மழை முடியும் வரை மூன்று மாதம் விகாரையில் காவியோடு இருப்பான் என்பது. அந்த வயதுப் பையன்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனாலும் நம் பிள்ளை என்று கேட்கும்போது மனம் வேறு மாதிரி நிறைகிறது. இரண்டாவதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அப்பா, அம்மாவால தலை வார முடியல. பக்கத்து மீன்கடை பிரானி அக்காதான் கொண்டை போட்டுவிடறாங்க. என்னாச்சுன்னு கேட்டா, 'புது ஸ்டைல்டா'ங்கறாங்க."

எந்தத் தோள்? எப்போதிலிருந்து? கையை முன்னால் தூக்கும்போது வலிக்கிறதா, பின்னால் கொண்டுபோகும்போதா? மருத்துவரிடம் காட்டினாயா? கரும்பலகையில் எழுதி எழுதி எனக்கும் ஒருமுறை வலத் தோள் பூட்டிக்கொண்டது. அதை எப்படித் திறந்தேன் என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் முதலில் நீ உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். "ஒன்றுமில்லை" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது.

ஓய்வு பெற்றும் மலையை விட்டு இறங்காத,
தவின்


பெச்சபுரி
20 மார்ச் 2545

வாத்தியாரே,

ஒன்றுமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சக்தா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வலத் தோள். போன மழைக்காலம் முடிந்தபோது ஆரம்பித்தது. முதலில் பல்வலி மாதிரி ஒரு குடைச்சல். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. பிறகு குடைச்சல் குறைந்தது, ஆனால் கை மேலே போவதையே மறந்துவிட்டது. முன்னால் தூக்கினால் நெஞ்சு வரை வரும். பின்னால் கொண்டுபோனால் இடுப்புத் துணியின் முடிச்சுக்கு எட்டாது. மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். எலும்பில் பழுதில்லையாம். "தோள் உறைஞ்சுபோச்சும்மா" என்றது அந்தச் சின்ன டாக்டர் பெண். "கண்ணு, இந்த ஊர் வெயில்ல பனைவெல்லமே உருகி ஓடுது, என் தோள் மட்டும் எப்படி உறைஞ்சுது?" என்றேன். சிரித்தாள். மாத்திரையும், பயிற்சிப் படம் போட்ட ஒரு தாளும் கொடுத்தாள். படத்தில் இருப்பது ஒரு வெள்ளைக்காரி. பல் தெரியச் சிரித்துக்கொண்டு கையைத் தூக்குகிறாள். அவளுக்கு ஒருநாளும் வலித்ததில்லை என்று பார்த்தாலே தெரிகிறது.

கடையை மூடவில்லை. மிளகாயும் சித்தரத்தையும் எலுமிச்சம்புல்லும் யாருக்காகவும் காத்திருக்காது. இடக் கையால் இடிக்கிறேன். கறி விழுது கொஞ்சம் திப்பியாக வருகிறது. வாங்குகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்குகிறார்கள்.

என் கவலை அதுவல்ல. சக்தா காவி உடுத்தி வெளியே வந்ததும் நான் அவனைக் கும்பிட வேண்டும். பிட்சுவைக் கும்பிடுகிற கும்பிடு. கட்டைவிரல் புருவ நடுவைத் தொட வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். ஆண்பிள்ளை பெற்றவள் எதற்குக் காத்திருக்கிறாள்? அந்த ஒரு கும்பிடுக்குத்தானே. என் கையோ நெஞ்சோடு நின்றுவிடுகிறது. போன வாரம் விகாரையில் பெரிய சாமியை அப்படித்தான் கும்பிட்டேன். பிரானி சும்மா இருப்பாளா? "என்னடி உபோன், சாமி என்ன உன்கூடப் படிச்சவரா?" என்று காதைக் கடித்தாள். அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

சக்தா சொல்கிறான், "அம்மா, நான் வேணா கொஞ்சம் குனிஞ்சு நிக்கறேனே." காவி உடுத்தவன் தாய்க்குக் குனிவானா, போடா என்று விரட்டினேன்.

திறக்கும் வழி தெரிந்தால் எழுதுங்கள். புத்திமதி வேண்டாம்.

உபோன்


மே சரியாங்
30 மார்ச் 2545

அன்புள்ள உபோன்,

முழு மதிப்பெண். பிரானிக்கு மட்டும் ஒரு மதிப்பெண் குறைக்கிறேன்.

டாக்டர் பெண் சொன்னது சரி. உறைந்த தோள் என்பது இறுகிப்போன பாகு மாதிரி. நம் ஊரில் பனம்பாகு காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறாய். சூட்டோடு இழுத்தால் கயிறு மாதிரி நீளும். ஆறியபின் இழுத்தால் முறியும். ஆகவே முதல் விதி: சூடு இல்லாமல் இழுக்காதே. மஞ்சளும் எலுமிச்சம்புல்லும் உன் கடையிலேயே இருக்கின்றன. இடித்துத் துணியில் முடிந்து ஆவியில் காட்டித் தோளைச் சுற்றி ஒத்தடம் கொடு. தோல் இளகியதும் பயிற்சி.

முதல் பயிற்சி. இடக் கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனி. வலக் கையைத் தொங்கவிடு. நீ ஆட்டாதே, உடம்பை லேசாக அசை, கை தானாக ஆடட்டும். கிணற்றில் வெறும் வாளியை விட்டால் கயிறு எப்படி ஆடும், அப்படி. முன்னும் பின்னும், பிறகு சிறு வட்டம். கை உன்னுடையது அல்ல, வாளி என்று நினைத்துக்கொள். நம்முடையது என்று நினைத்தால் உடனே இறுக்கிப் பிடிப்போம். மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். சரி, புத்திமதி வேண்டாம் என்றாய்.

இரண்டாவது, பல்லி. சுவரைப் பார்த்து நின்று வலக் கை விரல்களைச் சுவரில் வை. பல்லி ஏறுவது போல விரல்களாலேயே மெல்ல மெல்ல ஏறு. தோளைக் காதுப் பக்கம் தூக்கி ஏமாற்றாதே. என் மாணவர்கள் எல்லாரும் முதலில் அந்தத் திருட்டைத்தான் செய்வார்கள். எட்டிய இடத்தில் நின்று மூச்சை நிதானமாக விடு. அதே போல மெல்ல இறங்கு. பல்லி விழுவதில்லை.

எதுவரை வலி பொறுக்கலாம் என்று கேட்பாய். வகுப்பறையை நினைத்துக்கொள். பின்வரிசையில் முணுமுணுப்பு இருந்தால் பாடத்தைத் தொடரலாம். யாராவது கத்தினால் நிறுத்த வேண்டும். நீ எதையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறவள், அதனால் சொல்கிறேன்.

உன் தோளுக்கு அளவுகோல் வெளியே தேட வேண்டாம். கும்பிடும்போது கட்டைவிரல் தொடும் இடம்தான் அளவு: சமவயதுக்காரருக்கு நெஞ்சு. பெரியவர்களுக்கு முகவாய். தாய் தகப்பனுக்கும் ஆசிரியருக்கும் மூக்கு நுனி. பிட்சுவுக்குப் புருவம். நீ இப்போது நெஞ்சில் நிற்கிறாய். இன்னும் மூன்று படிகள்தான். மழைத்தவத்துக்கு நாள் இருக்கிறது.

தவின்


பெச்சபுரி
25 ஏப்ரல் 2545

வாத்தியாரே,

முகவாய்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. உங்களைத் திட்டிக்கொண்டே வாளியை ஆட்டினேன். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் குனிந்து ஆட்டுவதைப் பார்த்து காய்க்காரி, "காசு ஏதாவது விழுந்துடுச்சா?" என்று தானும் குனிந்து தேடினாள். சுவரில் பல்லி ஏறியபோது உண்மையான பல்லி ஒன்று வந்து என் விரலுக்கு எதிரே நின்று பார்த்தது. சக்தா, "அம்மா, உன் ஜோடி வந்திருக்கு" என்கிறான். ஒத்தடம் கட்டிக்கொடுப்பது அவன்தான். ஓட்டிப் போகும் மீன் வண்டியின் சரக்கை மகாசாய் சந்தையில் இறக்கிவிட்டு, வியர்வையோடு வந்து என் தோளில் கையை வைத்துச் சூடு பார்ப்பான். பெரிய கை. உங்களுடையது மாதிரி.

புத்தாண்டு நீர்விழாவில் என் சித்தியின் கையில் பன்னீர் ஊற்றினேன். குடத்தை இரண்டு கையாலும் பிடித்தே ஊற்றினேன். கும்பிட்டபோது கட்டைவிரல் முகவாயைத் தொட்டது. சித்தி ஒன்றும் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருந்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். துறவு ஊர்வலத்தில் தாய் காவி உடைகளை ஏந்த வேண்டும், தகப்பன் பிட்சைப் பாத்திரத்தை ஏந்த வேண்டும். விகாரையை மூன்று முறை சுற்ற வேண்டும். பாத்திரத்தை என் தம்பியிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சக்தா எழுந்து போய்விட்டான். இரண்டு வருஷத்துக்கு என்று மலைப் பள்ளிக்கு மாற்றல் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். என்னிடம் கேட்கவில்லை. பதினோரு வருஷமாகிவிட்டது. எல்லார் பிள்ளைக்கும் வாத்தியாராக இருந்தீர்கள், உங்கள் பிள்ளைக்குக் கிடைத்தது தபால்காரர் மட்டும்தான். இதை எழுதவில்லை என்றால் தோள் இன்னும் இறுகிவிடும் போலிருந்தது, எழுதிவிட்டேன்.

வருவீர்களா மாட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

உபோன்


மே சரியாங்
4 மே 2545

அன்புள்ள உபோன்,

வருவேன். பாத்திரத்தை நான் ஏந்துகிறேன்.

நீ எழுதிய மற்றதையும் படித்தேன். அதில் திருத்த ஒரு வரி கூட இல்லை.

முகவாய் தாண்டியதும் இரண்டு பயிற்சிகள் சேர்த்துக்கொள். ஒரு மூங்கில் கழியை இரண்டு கையாலும் பிடித்து மல்லாந்து படு. இடக் கை தள்ள, வலக் கை அதன் மேல் சவாரி செய்யட்டும். நல்ல கை சோம்பேறிக் கையைக் கூட்டிக்கொண்டு போகிறது. பிறகு குளித்தபின் துண்டை முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் பிடித்து, மேலே இருக்கிற இடக் கையால் மெதுவாக இழு. கீழே இருக்கிற வலக் கை தானாக முதுகில் ஏறும். நம் விகாரைச் சுவரில் ரிஷி ஒருவர் முழங்கையைப் பின்னால் மடக்கி உட்கார்ந்திருக்கும் சிலை இருக்கிறது அல்லவா, கிட்டத்தட்ட அதுதான். சின்ன வயதில் அவருக்கு முதுகு அரிக்கிறது என்று நினைத்தேன்.

கடைசிப் பயிற்சி ஒன்று இருக்கிறது. மூக்கிலிருந்து புருவத்துக்குப் போக அதுதான் நல்லது. ஆனால் அதைத் தனியாகச் செய்ய முடியாது. இன்னொருவர் ஒரு கையால் உன் தோளை அழுத்திப் பிடித்து, மறு கையால் முழங்கையைத் தாங்கி, நீ மூச்சை விடும்போது மட்டும் இம்மி இம்மியாக உயர்த்த வேண்டும். மூச்சை இழுக்கும்போது நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைக் கைதான் அறியும். எழுதிச் சொல்ல முடியாது. எனக்கு இங்கே ஒரு கிழவர் செய்துவிட்டார். உனக்கு நான் செய்துவிடுகிறேன்.

அது ஒரு நாளில் முடிகிற பயிற்சி அல்ல. மாதக்கணக்கில் தினமும் செய்ய வேண்டும். ஆகவே நான் வந்தால் திரும்பிப் போகாத மாதிரி வர வேண்டியிருக்கும். உனக்குச் சம்மதம் என்றால் எழுது. இல்லை என்றால் சக்தாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர்வலம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறேன். அதிலும் மனக்குறை இல்லை.

தவின்


பெச்சபுரி
22 மே 2545

வாத்தியாரே,

மூக்கு நுனி. நேற்றிலிருந்து.

உங்கள் பாயையும் கொசுவலையையும் வெயிலில் போட்டேன். கொசுவலையில் எலி கடித்த ஓட்டை. தைத்துவிட்டேன். வேறு பதில் எழுத எனக்குத் தெரியாது.

சக்தாவை உங்களிடம் அனுப்புகிறேன். துறவு பூணுகிறவன் பூத்தட்டும் மெழுகுவத்தியும் ஏந்தி, பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டு விடைபெற வேண்டும். தகப்பனிடம் கேட்காமல் காவி கட்டுவதா? பிரானி குதிக்கிறாள். "ஏய், நாள் குறிச்ச பையனை வெளியூர் அனுப்புவாங்களா? துறவைக் கெடுக்கற மாரன் வழிமறிப்பான்டி. நாள் வரைக்கும் விகாரையில படுக்க வை. அவர்தான் வரப்போறாரே, வந்தப்புறம் பூத்தட்டை நீட்டினா ஆகாதா?" என்றாள். ஆகும்தான். ஆனால் பதினோரு வருஷமாக அவன் உங்கள் மலையைப் பார்த்ததில்லை. நீங்கள் எங்கே உட்கார்ந்து எங்களுக்குக் கடிதம் எழுதினீர்கள் என்று அவன் ஒருமுறை பார்க்கட்டும். அவனுக்கும் ஆசை. "நான் போய் மூட்டையைக் கட்டிட்டு அப்பாவைக் கையோட இழுத்துட்டு வரேன்மா. தனியா வரச் சொன்னா நடுவழியில மனசு மாறினாலும் மாறிடுவாரு" என்று சிரிக்கிறான்.

ஜூன் முதல் வாரம் கிளம்புகிறான். கறி விழுது கொடுத்தனுப்புகிறேன். இது வலக் கையால் இடித்தது. தின்று பார்த்துச் சொல்லுங்கள்.

உபோன்


மே சரியாங்
7 ஜூன் 2545, காலை

அன்புள்ள உபோன்,

இது உன் கைக்கு வருவதற்குள் நாங்களே வந்துவிடுவோம். ஆனாலும் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில்தான் தபால் நிலையம். சும்மா கடந்து போக மனம் வரவில்லை.

நேற்று முழுவதும் மழை. இன்று தூறல். பஸ் எட்டு மணிக்கு வர வேண்டும், மலைப்பாதையில் மண் சரிந்தால் தாமதமாகும், அது இங்கே வழக்கம். நான் மழிக்கப் போய்க் கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். அவன் பார்த்தால் சிரிப்பான். அடுத்த வீட்டுக்காரர், "யாருய்யா வர்றது, கல்வி அதிகாரியா?" என்று கேட்டார். "என் பையன்" என்றேன். "உங்களுக்குப் பையன் இருக்கானா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மூட்டை கட்ட அவனுக்கு வேலையே வைக்கவில்லை. எல்லாம் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன்.

மூக்கு நுனி என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு முறை படித்தேன். அவசரப்பட்டு நீயே மேலே தள்ளாதே. மிச்சத்துக்கு நான் வருகிறேன்.

தவின்


பெச்சபுரி
30 ஜூலை 2545

தவின் சாமிக்கு,

எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. பிரானியின் மகள், துறவு பூண்டவருக்கு இப்படித்தான் தொடங்க வேண்டும் என்றாள். விகாரை நம் வீட்டிலிருந்து அரைக் கல் தொலைவு. அதற்குத் தபால்தலை ஒட்டுகிறேன். பெண்பிள்ளை தனியாக வந்து பிட்சுவிடம் பேச முடியாது. கூட யாரையாவது வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசவும் முடியாது.

அந்த நாட்களில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

வளைவில் பஸ் சரிந்தது என்று சொன்னார்கள். மற்றவர்கள் கை கால் முறிந்து பிழைத்தார்கள். அவன் பள்ளத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தானாம். அவனைக் கூட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். கையோடு இழுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவன் அவன். வண்டியிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். கன்னத்தில் வெட்டுக்காயம். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

பெட்டியின் முன்னால் நான் கையைத் தூக்கப் போனேன். பிரானி பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்டி. பெத்தவ பிள்ளையைக் கும்பிடற வழக்கமில்ல. காவி உடுத்தியிருந்தா வேற." மார்ச் மாதத்திலிருந்து வாளியும் பல்லியும் மூங்கிலுமாக நான் தூக்கிய கை. எதற்காகத் தூக்கினேனோ அது இல்லை என்றாகிவிட்டது. கையைக் கீழே விட்டேன்.

எரியூட்டுகிற அன்று, அவனுக்குப் புண்ணியம் சேர வழக்கப்படி தீயின் முன் யார் துறவு பூணுவது என்று பெரிய சாமி கேட்டார். என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நீங்கள் எழுந்தீர்கள். அறுபத்திரண்டு வயதில் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். அவனுக்கென்று எடுத்து மடித்து வைத்திருந்த காவியை நான்தான் கொண்டுவந்தேன். அதை உங்கள் கையில் வைத்தபோது நம் விரல்கள் பட்டன. சடங்கு முடிந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள். எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

கட்டைவிரல் புருவத்தைத் தொட்டது.

மூக்கிலிருந்து புருவத்துக்கு இன்னொருவர் கை வேண்டும் என்றீர்களே. யாரும் பிடிக்கவில்லை. தானாகப் போனது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த இடத்திலேயே தோள் அற்று விழுந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஒரு நாள் துறவுதான் என்றார்கள். மாலையில் களைந்துவிட்டு வீட்டுக்கு வருவீர்கள் என்று சோறு வைத்திருந்தேன். மழைத்தவம் முழுவதும் இருக்கப் போவதாக மறுநாள் தம்பி வந்து சொன்னான். அவன் இருக்க வேண்டிய மூன்று மாதத்தை நீங்கள் இருப்பீர்களாம். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கோபப்பட உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, அதனால் தைரியமாகக் கேட்கிறேன். இது அவனுக்காகவா? அல்லது மறுபடியும் ஒரு மலைக்குப் போய்விட்டீர்களா, இம்முறை அரைக் கல் தூரத்தில்?

அனுப்பியவள் நான். மாரன் வழிமறிப்பான் என்று சொன்னவளைக் கேட்காமல் அனுப்பியவள். அதையும் எழுதிவிடுகிறேன்.

உபோன்


விகாரை
12 ஆகஸ்ட் 2545

உபாசிகை உபோனுக்கு,

பிட்சு ஓர் இல்லறப் பெண்ணுக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்று விதி. இந்த ஒரு வரியோடு விதியை நிறுத்திக்கொள்கிறேன்.

அனுப்பியவள் நீ அல்ல. பதினோரு ஆண்டு இறங்கி வராத ஒருவனைப் பார்க்க ஒரு பையன் மலையேற வேண்டியிருந்தது. கணக்கு அங்கே தொடங்குகிறது. இதற்கு மேல் இதை நீயும் நானும் பங்கு போட வேண்டாம். எத்தனை பங்கு போட்டாலும் ஒருவர் தலையிலும் குறையாது.

மலையா என்று கேட்டாய். அன்று மாலை நான் காவியைக் களையத்தான் எழுந்தேன். முடிச்சில் கை வைத்தேன். அவன் உயரத்துக்கு வெட்டிய துணி, எனக்குத் தரையில் புரண்டது. வேறு யாரும் உடுத்தாமல் அதை மடித்துப் பெட்டியில் வைத்தால் அவன் செய்ய நினைத்தது எங்கேயுமே நடக்காமல் போகும் என்று தோன்றியது. பாதிப் பாடத்தில் ஒரு வாத்தியார் இல்லாமல் போனால் இன்னொருவர் அதே பக்கத்திலிருந்து தொடர்வதில்லையா, அப்படி. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். மறுபடியும் கேட்காமல் செய்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். அக்டோபரில் தவம் முடிகிறது. அன்றே களைந்துவிட்டு வீட்டுக்கு வர நினைக்கிறேன். வரட்டுமா?

காலையில் நீ பாத்திரத்தில் சோறு போடும்போது நான் உன் முகத்தைப் பார்க்கக் கூடாது. கையைப் பார்க்கிறேன். கரண்டியைத் தூக்கும்போது தோளைக் காதுப் பக்கம் இழுக்கிறாய். பயிற்சியை விட்டுவிட்டாய். விட்டால் மறுபடியும் உறையும். சுவரில் ஏறவாவது செய். எனக்குப் பிடித்துவிட ஆசை. இந்த உடையில் உன் நிழலைக்கூட நான் தொட முடியாது. ஒரு முழங்கையைத் தாங்குவதற்கு இவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தவின்


பெச்சபுரி
14 செப்டம்பர் 2545

தவின் சாமிக்கு,

பயிற்சியை விட்டது உண்மை. கையைத் தூக்கினால் அவன் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன். விட்டபிறகும் அவன் ஞாபகம்தான், கூடவே வலியும். இரண்டும் சேர்ந்து எதற்கு என்று மறுபடியும் தொடங்கியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் முழங்கையைப் பிடிக்கும் பகுதியை மட்டும் பிரானிக்குப் படித்துக்காட்டினேன். "தள்ளு, இதுக்கா வாத்தியார் வேணும்? மீன் செதில் உரிக்கற கை இது, எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதா?" என்று வந்து பிடித்துவிட்டாள். முதல் நாள் நான் கத்திய கத்தலில் தெரு நாய் ஓடிவிட்டது. "மூச்சை விடுடி! சேத்து வெச்சு என்ன பண்ணப் போறே?" என்று அதட்டினாள். விட்டேன். மூச்சோடு எல்லாம் வந்துவிட்டது. கடைவாசலில் உட்கார்ந்து இருவரும் அழுதோம். இறால் விழுது வாங்க வந்த பெண் தானே எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது தினமும் கடை கட்டியதும் வந்து பிடித்துவிடுகிறாள். கொண்டை நானே போட்டுக்கொள்கிறேன். அவள் போட்டதைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை.

உபோன்


விகாரை
8 அக்டோபர் 2545

உபோன்,

தவம் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தபோது பெரிய சாமி வந்து நின்றார். "என்ன தவின், வீட்டுக்கா, இங்கேயா?" என்று கேட்டார். சந்தைக்கா, குளத்துக்கா என்பது போலக் கேட்டார். வீட்டுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். உன் பதில் வராமல் அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று பட்டது. "வீட்டில் கேட்டிருக்கிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கரண்டி தூக்குகிற கை நன்றாக இருக்கிறது. தோள் இறங்கியிருக்கிறது. பிரானிக்கு அன்று குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்.

எழுது.

தவின்


பெச்சபுரி
15 அக்டோபர் 2545

தவின் சாமிக்கு,

பல தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். காலையில் பிட்சுக்கள் வரிசையில் வருவீர்கள். புதிதாகத் துறவு பூண்டவர் கடைசி. சக்தா வந்திருந்தாலும் கடைசியாகத்தான் வந்திருப்பான். நான் முகத்தைப் பார்ப்பதில்லை. காலையும் பார்ப்பதில்லை, உங்கள் குதிகால் வெடிப்பு எனக்குத் தெரியும். காவியின் ஓரத்தை மட்டும் பார்க்கிறேன். சோற்றைப் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி உட்கார்ந்து கையைத் தூக்குகிறேன். நெஞ்சு, முகவாய், மூக்கு எல்லாம் தாண்டித் தடையில்லாமல் போகிறது. கட்டைவிரல் புருவத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறேன். நீங்கள் ஆசிச் சொற்களை ஓதுவீர்கள். குரல் அப்பாவுடையதா பிள்ளையுடையதா என்று அந்தக் கொஞ்ச நேரம் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. அது அவன்தான். அவன் காவி, அவன் தவம். அதற்காகத்தான் எழுந்து சோறு வடிக்கிறேன். இல்லாவிட்டால் எழ மாட்டேன்.

நீங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒரு கணவர் கிடைப்பார். பதினோரு வருஷமாகக் கேட்டது அதைத்தான். பாய் இன்னும் சுருட்டி வைத்தபடிதான் இருக்கிறது. சாயங்காலம் என் முழங்கையைப் பிடித்துவிடுவீர்கள். வாளி, பல்லி என்று எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பீர்கள். எல்லாம் எனக்கு வேண்டும். வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் மறுநாள் காலையில் வரிசையின் கடைசியில் யாரும் இருக்க மாட்டார்கள். அவன் இரண்டாம் முறை போவான். அதைத் தாங்க எந்தப் பயிற்சியும் இல்லை, வாத்தியாரே.

பிரானி கத்துகிறாள். "பைத்தியமாடி உனக்கு? புருஷனைக் கொண்டுபோய்க் கோயில்ல வெச்சுட்டு வாசல்ல நின்னு கும்பிடுவியா?" ஆமாம் என்றேன்.

இது நியாயமில்லை என்று தெரியும். ஒருமுறை என்னைக் கேட்காமல் நீங்கள் போனீர்கள். இன்னொருமுறை கேட்காமல் காவி உடுத்தினீர்கள். மூன்றாம் முறை கேட்டீர்கள், அதற்கு நன்றி. கேட்டதால்தான் சொல்கிறேன். வராதீர்கள்.

பெரிய சாமியிடம், இங்கேயே என்று சொல்லிவிடுங்கள். எனக்கு இனி எழுதவும் வேண்டாம். எழுத்தைப் பார்த்தால் அது நீங்கள் என்று தெரிந்துவிடுகிறது.

நாளைக்கு இறால் போட்ட புளிக்குழம்பு. காரம் குறைத்திருக்கிறேன்.

உபாசிகை உபோன்